எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

நீச்சல் குளம் மூடப்பட்டது.
சுவரில் விரிசல் கண்டறியப்பட்டது.
உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.
முதல்வர் பிராண்ட்வால்டின் அறிக்கை அவ்வளவுதான்.
கையெழுத்து மட்டும் மூன்று வரி உயரம்.

பட்டது, பட்டது, படும்.
பட்டவர் யார், படுத்தியவர் யார் என்று கேட்கத்தான்
பள்ளிப் பத்திரிகை என்று ஒன்று இருக்கிறது,
மாதம் ஒருமுறை, எட்டுப் பக்கம்,
அதில் ஒன்றரைப் பக்கம் பீட்சா கடை விளம்பரம்.

நவம்பர். சுப்பீரியர் ஏரிக் காற்று
வாய் திறந்ததும் கேள்வியைப் பாதி தின்றுவிடும்.
கொதிகலன் அறைக்கு இறங்கினேன்.
டுவேன் பெல்கி,
பள்ளியின் ஒவ்வொரு குழாயையும்
இருபத்திரண்டு வருடமாகப் பேர் வைத்துத் திட்டுகிறவர்,
எண்ணெய் படிந்த நோட்டை என் முன் போட்டார்.
தேதி போட்டு எழுதியிருந்தார்:
ஆழப் பக்கச் சுவர், விரல் நீளம்.
அடுத்த வருடம், கை நீளம்.
அதற்கடுத்த வருடம் அளவே இல்லை.
'தண்ணீர் போகிறது' என்று மட்டும்.

"என் பேர் வேண்டாம், ஐலி."
சரி என்றேன்.
மேலே வந்து தட்டினேன்:
பெயர் வெளியிட விரும்பாத பராமரிப்பு ஊழியர் ஒருவர்.
பிறகுதான் உறைத்தது,
எங்கள் பள்ளிக்கு இருக்கிற பராமரிப்பு ஊழியரே ஒருவர்தான்.
முகமூடி மாட்டிவிட்டு
சட்டையில் பேரைத் தைத்த மாதிரி.
அழித்தேன்.
கட்டுரையில் பாதி போயிற்று.
அந்த இடத்தில் கர்சர் நின்று நின்று மின்னியது.

யாரும் படிக்காத ஒன்றைப் படிக்கப் போனேன்.
பள்ளி வாரியக் கூட்டக் குறிப்புகள்,
கேட்டால் தர வேண்டும், பக்கத்துக்குப் பத்து சென்ட்.
நாற்பத்தொரு பக்கம்.
என்னிடம் நான்கு டாலர்.
மிச்சப் பத்து சென்டை
அலுவலகத்துத் திருமதி ஒடேகார்ட் தன் பையிலிருந்து போட்டார்,
என் முகத்தைப் பார்க்காமல்.

இருபத்தாறாம் பக்கத்தில் இருந்தது எழுவாய்.
குளத்தைப் பழுதுபார்க்கும் நிதி
ஃபுட்பால் மைதான விளக்குகளுக்கு மாற்றம்.
ஆதரவு ஐந்து, எதிர்ப்பு ஒன்று.
பேர் பேராக.
பேருந்தில் நின்றபடியே சிரித்தேன்.
கிடைத்துவிட்டது.

விளக்குகள்.

அந்த இரவு எனக்குத் தெரியும்.
போன செப்டம்பர், முதல் பக்கம்,
என் பேர் போட்டு வந்த முதல் செய்தி.
ஃபிரிட்ஜ் கதவில் அம்மா
காந்தம் வைத்து ஒட்டியது இன்னும் இருக்கிறது.
'மைதானம் ஒளி வெள்ளத்தில் நனைந்தது.
எட்டுக் கம்பங்களில் விளக்குகள் பொருத்தப்பட்டன.
இதற்கென நிதி ஒதுக்கப்பட்டிருந்தது.'

ஒதுக்கப்பட்டிருந்தது.
நான்தான் எழுதியிருக்கிறேன்.
எதிலிருந்து என்று கேட்காமல்,
ஒரு கையில் ஹாட் சாக்லேட்டோடு.

வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும்.
ஐந்து பேரையும் எழுதினேன். எதிர்த்த ஒருவரையும்.
முதல்வர் பதில் சொல்லவில்லை என்பதையும்
நான்கு முறை கேட்டேன் என்பதையும்.
கடைசிப் பத்தியில் என் பழைய செய்தியைச் சொல்லி
'அப்போது இது விசாரிக்கப்படவில்லை' என்று தட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
'அப்போது நான் விசாரிக்கவில்லை.'

பக்கம் அமைக்கும் மெங் ஸியோங் சொன்னான்,
ஒரு வரி மிஞ்சுகிறது, இடமில்லை.
பீட்சாவைச் சுருக்கு என்றேன்.

திங்கள் காலை பனி.
உடற்பயிற்சிக் கூட வாசலில்
ஈர பூட்ஸுகளுக்கு அடியில் விரித்திருந்தார்கள்
எங்கள் இதழை, ஏழெட்டுப் பிரதிகள்.
குளத்தில் இன்னும் தண்ணீர் இல்லை.

டுவேன் காயாத கைகளோடு வந்து
அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தார்.
விரலை ஓட்டித் தன் பேரைத் தேடினார், கடைசிவரை.
இல்லை.
பிறகு நின்ற இடத்திலேயே
முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.